காலையில் முழங்கால் போட முடியாதவர்களின் ஜெபம்

பிப்ரவரி 3 (ஒரு வாசகியின் கேள்வி)

இரண்டு வருஷமாக எனக்கு முடக்குவாதம். மணிக்கட்டு, விரல்கள், பாதம் எல்லாம் வலி. கல்யாணமான நாளிலிருந்து விடியற்காலை நாலரைக்கு எழுந்து முழங்காலில் நின்று ஜெபிப்பது என் பழக்கம். இப்போது ஏழு மணி வரை விரல் மடங்குவதில்லை. படுத்தபடி ஜெபிக்க ஆரம்பித்தால் இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிடுகிறேன். போன மாதம் வாரம் ஒருமுறை போடுகிற மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் ஜெபக் குழுவில் ஒரு அம்மா, "மாத்திரையை நம்புறியா, கர்த்தரை நம்புறியா, இன்னைக்கே முடிவு பண்ணு" என்றார்கள். அதிலிருந்து மாத்திரையை வாயில் போடும்போதெல்லாம் எதையோ திருடித் தின்கிற மாதிரி இருக்கிறது. என் விசுவாசம் குறைந்துவிட்டதா? இதே நிலையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் நிறுத்தியவள், அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். எனக்கு இந்த வியாதி வந்து 11 வருஷம் முடிந்து 12 நடக்கிறது. மகள் பிறந்து மூன்று மாதத்தில் தொடங்கியது. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் இது தலைகாட்டுவது அபூர்வம் இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் வருஷம் ஒரு கூட்டத்துக்குப் போனேன். மேடையில் இருந்தவர், சுகம் வேண்டுமானால் மருந்தை விட்டுவிட்டு விசுவாசத்தைக் காட்டுங்கள் என்றார். நான் காட்டினேன். ஐந்து மாதம் ஒரு மாத்திரையும் தொடவில்லை. முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது, சாட்சிகூடச் சொன்னேன். மருந்தின் வேலை உடம்பில் கொஞ்ச நாள் மிச்சமிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நாலாம் மாதம் என்னால் குழந்தையைத் தூக்க முடியவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் அந்த மாதங்களில்தான் கோணின. மருந்து வீக்கத்தைக் குறைக்கும், இனிமேல் மூட்டு அரிக்கப்படாமல் தடுக்கும். அரிக்கப்பட்டுப்போன மூட்டை அது திரும்பக் கட்டித் தராது. அந்த இரண்டு விரல்களும் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன.

விசுவாசம் குறைந்ததா என்ற கேள்விக்கு நாளைக்கு எழுதுகிறேன். கை ஓய்ந்துவிட்டது.

பிப்ரவரி 4

குறையவில்லை. உங்கள் விசுவாசம் நாலரை மணியில் கட்டப்பட்டிருந்தது, அந்த மணி இப்போது உங்கள் கையில் இல்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

காலை விறைப்பு சோம்பல் இல்லை. இந்த வியாதியில் நம் உடம்பின் காவல் படையே மூட்டின் உள்சவ்வை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. இரவெல்லாம் அசையாமல் கிடக்கிற மூட்டில் வீக்கம் இறுகிப்போகிறது. இளக ஒரு மணி நேரம் ஆகலாம், இன்னும் அதிகமும் ஆகலாம். அதோடு சேர்ந்து வருகிற அசதி சாதாரணத் தூக்கக் கலக்கம் மாதிரி இல்லை, ஈரமான போர்வையைச் சுமக்கிற மாதிரி. இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிடுகிறீர்கள் என்றால், அந்த இரண்டு நிமிஷம் ஜெபித்தீர்கள் என்றும் அர்த்தம்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், நீளமான ஜெபத்தை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் அதற்காக அழுதேன். இப்போது காரியத்துக்குக் காரியம் ஒரு வரி. குழாயைத் திறக்கும்போது ஒன்று, பாட்டில் மூடி திறக்காதபோது ஒன்று. மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒரு பெயர், மகன், மகள், கணவர், மாமியார், அப்புறம் சபையில் படுக்கையில் இருக்கிறவர்கள். படி 14. பெயர் தீர்ந்துபோனால் மகனுக்கே திரும்பவும் ஒரு படி. ராத்திரி வலியில் விழித்தால் "ஆண்டவரே" மட்டும். ரோமர் 8:26-இல் வாக்குக்கடங்காத பெருமூச்சு என்று வருகிறதே, அந்த வசனத்தை நான் பல வருஷம் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அது எனக்குப் புரிந்தது ஒரு ராத்திரி இரண்டேகால் மணிக்கு, இரண்டு கையையும் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது.

சுகத்துக்காகக் கேட்பதை நான் விட்டுவிட்டேன். அதில் ஒரு சமாதானம் இருக்கிறது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் கேட்கிறேன். நீங்களும் அப்படிச் செய்து பார்க்கலாம்.

பிப்ரவரி 6

வாரம் ஒருமுறை என்று நீங்கள் எழுதியது மெத்தோட்ரெக்சேட் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றி நாலு வார்த்தை.

வாரத்துக்கு ஒரே நாள்தான். தவறுதலாகத் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. பெட்டியின்மேல் கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். ஃபோலிக் ஆசிட் கொடுத்திருப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள். வயிற்றுப் புரட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைப்பது அதுதான். ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் போங்கள், கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பார்ப்பதற்காக. குழந்தைக்குத் திட்டமிருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள், கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது. அப்புறம், போட்ட மறுநாளே குணம் தெரியவில்லையே என்று சோர்ந்துபோகாதீர்கள். முழுப் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம்வரை ஆகும்.

இன்னொன்று, இது வேறு யாரும் சொல்லாதது. எனக்கு முதலில் சனிக்கிழமை ராத்திரி என்று வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குமட்டலும் அசதியுமாகக் கிடப்பேன். எட்டு மாதம் ஆராதனைக்குப் போகவில்லை. கர்த்தர் என்னைச் சபையிலிருந்து ஒதுக்கிவைத்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் மருத்துவரிடம் வேறு எதையோ பேசும்போது சொல்லி அழுதுவிட்டேன். அவர், "கிழமையை மாத்திக்கலாமே" என்றார். அவர் சொன்ன முறையில் வியாழனுக்கு மாற்றினோம். அடுத்த ஞாயிறு நான் திருவிருந்தில் இருந்தேன்.

எட்டு மாதம்! வாய் திறந்து கேட்டிருந்தால் முதல் வாரமே தீர்ந்திருக்கும்.

பிப்ரவரி 9

மாத்திரையா கர்த்தரா என்பதற்கு வேதத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை.

எசேக்கியா ராஜா வியாதியில் அழுது ஜெபித்தான். 15 வருஷம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்த பிறகும் அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் வைக்கச் சொன்னான் ஏசாயா (2 இராஜாக்கள் 20). தீர்க்கதரிசியே பற்றுப் போடச் சொல்கிறான். லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்கிறார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறும் அடிக்கடி வருகிற பலவீனங்களும் இருந்தன. பவுல் எழுதிய யோசனை கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்பது. பவுலின் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து சாகிற நிலைக்குப் போய்ப் பிழைத்தான். கூடப் பயணம்செய்த துரோப்பீமுவைப் பவுல் வியாதியோடேயே மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தார். அதே பவுலின் உடம்பில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டே வியாதிகள் நீங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. துரோப்பீமுவுக்கு ஏன் நீங்கவில்லை? எங்கேயும் காரணம் எழுதவில்லை. அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்றும் எழுதவில்லை. அந்த ஒரு வரிக்காக நான் பவுலுக்கு நன்றி சொல்கிறேன்.

பவுலே தன் வியாதிக்காக மூன்று தரம் கேட்டு, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலை வாங்கிக்கொண்டார். பெதஸ்தா குளத்தருகே கிடந்தவன் 38 வருஷம் விடாமல் கேட்டுக் கடைசியில் சுகமானான். ஆக இரண்டு விதமும் உண்டு.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதில் இரண்டு தப்பு. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

பவுல் மூன்று தரம் கேட்டது வியாதிக்காகத்தான் என்று 2 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரத்தில் இல்லை. "மாம்சத்திலே ஒரு முள்" என்பது மட்டும்தான் இருக்கிறது. கலாத்தியருக்கு எழுதும்போது சரீர பலவீனத்தைப் பற்றிச் சொல்கிறார், அதனால் வியாதி என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அதை முடிவான செய்தி மாதிரி எழுதியிருக்கக் கூடாது.

பெதஸ்தா விஷயம் பெரிய தப்பு. யோவான் 5-ஐத் திரும்ப வாசித்தேன். அந்த மனுஷன் இயேசுவிடம் எதையுமே கேட்கவில்லை. இயேசுதான், "சொஸ்தமாக வேண்டுமென்று விரும்புகிறாயா" என்று கேட்கிறார். அதற்கும் அவன் ஆம் என்று சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது என்னைக் குளத்தில் கொண்டுபோய்விட ஒருவரும் இல்லை என்கிறான். 38 வருஷம் வியாதிக்காரன், குளத்தின் கரையிலேயே கிடக்கிறான், நேருக்கு நேர் கேட்டும் "வேண்டும்" என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை.

எத்தனை தரம் வாசித்த பகுதி இது! அவன் விடாமல் கேட்டான் என்று எப்படி என் மனதில் பதிந்தது என்று தெரியவில்லை. இது என்னவோ செய்கிறது. அப்புறம் வருகிறேன்.

பிப்ரவரி 14

கணவர்மார் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். "என் வீட்டுக்காரர் குடும்ப ஜெபத்தில் உட்காருவதோடு சரி, வாய் திறப்பதில்லை, என் வியாதி அவருடைய விசுவாசத்தையும் கெடுத்துவிட்டதோ" என்று.

என் வீட்டில் நாலு வருஷம் இதே கதை. கல்யாணமான புதிதில் அவர்தான் ஜெபத்தை நடத்துவார். எனக்கு வியாதி வந்த மூன்றாம் வருஷத்திலிருந்து பேச்சு நின்றது. வேதம் வாசிப்பார், பாட்டுக்கு உதடு அசையும், ஜெபத்தில் மௌனம். எனக்குக் கோபம் வரும். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று ஒருநாள் கடுமையாகக் கேட்டுவிட்டேன், "வியாதி எனக்கா உங்களுக்கா" என்று. அவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். "ஜெபம் பண்ணா நன்றின்னுதான் ஆரம்பிக்கணும். எனக்கு இப்போ அது வரல. பிள்ளைங்க முன்னாடி பொய் சொல்ல வேண்டாம்னு சும்மா இருக்கேன்" என்றார்.

நாலு வருஷமாக அவர் செய்தது அதுதான். பொய் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று ராத்திரி நாங்கள் 88-ஆம் சங்கீதத்தை வாசித்தோம். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எங்கேயாவது திரும்பிவிடும், ஒரு நம்பிக்கை வரி வந்துவிடும். இது திரும்பாது. தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு முடிந்துவிடும். ஆனாலும் அது கர்த்தரிடம் பேசுகிற பேச்சு, வேதத்திலே இருக்கிறது. அவர் கேட்டுவிட்டு, "இதை நான் சொல்லலாம்" என்றார். அதற்குப் பிறகு சில மாதம் எங்கள் குடும்ப ஜெபத்தில் அவர் முறை வரும்போது இந்தச் சங்கீதத்தில் இரண்டு வசனம் வாசிப்பார், ஆமென் சொல்வார்.

சங்கீதம் 41:3-இல் ஒரு வரி உண்டு, வியாதியிலே அவன் படுக்கை முழுவதையும் மாற்றிப்போடுவீர் என்று. நிறையப் பேர் அதை வைத்துப் பெரிய பிரசங்கம் செய்வார்கள். எனக்கு அந்த வசனம் என்றால் காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வியர்வையில் நனைந்த விரிப்பை உருவிப் புதிதாக விரிக்கிற என் கணவரின் முதுகுதான்.

பிப்ரவரி 19

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் (தவக்காலம்) நேற்றுத் தொடங்கியிருக்கிறது. உபவாசம் பற்றிச் சுருக்கமாக.

வலி மாத்திரை, ஸ்டீராய்டு எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் இருக்காதீர்கள், இரைப்பையில் புண் வரலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளைகூடத் தள்ளாதீர்கள். போதகரிடம் சொன்னால் புரிந்துகொள்வார். என் போதகர், "சாப்பிட்டு மாத்திரை போடுவதே உங்களுக்குக் கீழ்ப்படிதல்" என்றார்.

உணவை விட முடியாததால் மூன்று வருஷமாக இந்த நாற்பது நாளும் நான் ஒரு வார்த்தையை விடுகிறேன். "மன்னிச்சிடுங்க" என்பதை. யாராவது எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டால், தட்டைத் தூக்கித் தந்தால், எனக்காக மெதுவாக நடந்தால், உடனே மன்னிப்புக் கேட்பது என் வழக்கம். ஒரு நாளில் முப்பது தரமாவது வரும். இந்த நாற்பது நாளில் "நன்றி" மட்டும். கேட்க லேசாகத் தெரியும். வயிற்றைக் காயப்போடுவதைவிட இது கஷ்டம். மன்னிப்புக் கேட்கும்போது நான் ஒரு பாரம் என்று ஒவ்வொரு தரமும் அவர்கள் காதில் போடுகிறேன், அவர்கள் இல்லை என்று என்னைத் தேற்ற வேண்டியிருக்கிறது. உதவி செய்தவர்களிடமே இன்னொரு வேலையும் வாங்குகிற மாதிரி.

பிப்ரவரி 27

ஆறு நாளாக வலி கூடியிருக்கிறது. இதை மகன் தட்டச்சு செய்கிறான். கேள்விகளுக்குப் பிறகு பதில் எழுதுகிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.

(மகன்: அம்மா இதைப் போட வேண்டாம் என்றார்கள். அம்மாவுக்கு இன்று மணிக்கட்டு ரொம்ப வீங்கியிருக்கிறது. ஆனால் 14 படியும் ஏறினார்கள்.)

மார்ச் 2

அவன் எழுதியதை அழிக்கவில்லை. இருக்கட்டும்.

படுத்திருந்தபோது பிப்ரவரி 3-ஆம் தேதிக் கேள்வியில் வந்த அந்த ஜெபக் குழு அம்மாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, ஆனால் மனதில் அந்த மேடைக்காரரோடு சேர்த்துவைத்துவிட்டேன். அது நியாயம் இல்லை.

என் இரண்டாம் வருஷத்தில் சபையில் ஒரு வயதான அக்காவும் இதே மாதிரிதான் சொன்னார்கள், வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்று. யோவான் 9-இல் சீஷர்கள் கேட்ட அதே கேள்வி, இவன் செய்த பாவமோ இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று. இரண்டும் இல்லை என்று இயேசு அங்கேயே முடித்துவிட்டார், ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் வீடு வீடாகப் போகிறது. அந்த அக்கா முகத்தை ஒரு வருஷம் நான் பார்க்கவில்லை. அப்புறம் எனக்கு நிமோனியா வந்து படுத்தபோது, கணவரால் வேலையை விட்டு வர முடியாத ஒன்பது ராத்திரிகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? அந்த அக்காதான். ஒரு வசனமும் சொல்லவில்லை. துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டார்கள், விடிந்ததும் பிள்ளைகளுக்குத் தலை வாரி அனுப்பினார்கள். போகும்போது மட்டும், "அன்னைக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம சொல்லிட்டேன் பாப்பா" என்றார்கள்.

பயத்தில் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஜெபித்தும் சுகமாகாத ஒருத்தி எதிரில் நிற்கும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் கையில் கிடைத்ததைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த அம்மாவிடம் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள், சகோதரி. ஜெபியுங்கள் என்று பொதுவாகச் சொல்லாமல், வியாழக்கிழமை மாலை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நாலு பேருடைய விசுவாசத்தைக் கண்டு என்று இருக்கிறது. அவர்கள் விசுவாசம் கூரையைப் பிரித்தது. அவன் விசுவாசம் எவ்வளவு இருந்தது என்று அங்கே யாரும் அளக்கவில்லை.

அந்த மேடைக்காரரைப் பற்றி மட்டும் இன்னும் என் மனம் மாறவில்லை.

மார்ச் 9

இதை எழுதலாமா என்று நேற்றிலிருந்து யோசித்தேன். எழுதுகிறேன்.

மகளுக்குப் போன வாரம் 12 முடிந்தது. நேற்று ஞாயிறு பள்ளியில் மாற்கு 5. யவீரு தன் மகளுக்காக இயேசுவின் காலில் விழுகிறான், இயேசு அவனோடு புறப்படுகிறார், வழியில் 12 வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது ரத்தப்போக்கு நிற்காத, ஒரு பெண் அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அநேக வைத்தியரிடம் போய், இருந்ததையெல்லாம் செலவழித்தும் குணமாகாதவள். என் வியாதியின் முதல் நாளிலிருந்து இந்தப் பெண்ணைத்தான் நான் என் கூடப் பிறந்தவள் மாதிரி வைத்திருக்கிறேன். அவளைப் பற்றி மகளிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மகள் கேட்டாள். "அம்மா, அந்தப் பாப்பாவுக்கும் 12 வயசு. உயிர் போற நேரம். அவங்கப்பா பக்கத்துலயே நிக்குறார். இந்த அம்மா 12 வருஷம் காத்திருந்தாங்கதானே, இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்கக் கூடாதா? இயேசு நின்னு பேசிட்டிருந்த நேரத்துலதான் அந்தப் பாப்பா செத்துப்போச்சு."

நான் ஏதோ பதில் சொன்னேன். இயேசு அவளையும் எழுப்பினாரே என்று. "அது அவளுக்கு அப்போ தெரியாதே" என்றாள்.

என் வியாதியும் இவள் வயதும் ஒன்று. நான் எப்போதும் தொட்ட பெண்ணின் பக்கத்திலிருந்தே அந்த அதிகாரத்தை வாசித்தேன். வீட்டில் படுத்துக்கொண்டு, அப்பா இன்னும் வரவில்லையே என்று காத்திருந்த பிள்ளையின் பக்கத்திலிருந்து ஒரு தரமும் வாசித்தது இல்லை. இவள் காத்திருந்திருக்கிறாள். பள்ளி விழாவில் இவள் பாடிய நாளில் நான் மருத்துவமனையில் இருந்தேன். சுற்றுலாவுக்குப் பை கட்டி வைத்த பிறகு இரண்டு தரம் நின்றுபோனது. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அதை நான் இவளுடைய நல்ல குணம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10

மகளிடம் நேற்று ராத்திரி பேசினேன். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. உனக்குக் கோபம் வந்திருக்கிறதா என்று கேட்டேன். நிறைய நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாட்டு நாளுக்கு மட்டும் என்றாள். அப்புறம் அந்தப் பாட்டை எனக்காகப் பாடிக் காட்டினாள், நாலு வருஷம் பிந்தி. வரிகள் எல்லாம் நினைவு இருக்கின்றன அவளுக்கு.

இன்னொன்றும் சேர்ந்து கண்டுபிடித்தோம். அந்தப் பிள்ளை எழுந்ததும் இயேசு அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொல்கிறார். அவளுக்குப் பசிக்கும் என்று அந்தக் கூட்டத்தில் அவருக்குத்தான் தோன்றியிருக்கிறது. மகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

மார்ச் 21

பிப்ரவரி 4-இல் எழுதியதைத் திருத்த வேண்டும்.

மகளுடைய ஜெப நோட்டை அவளே கொண்டுவந்து காட்டினாள். எட்டு வயதிலிருந்து எழுதுகிறாள். ஒவ்வொரு ராத்திரியும் முதல் வரி "அம்மாவுக்குச் சுகம்." கீழே பரீட்சை, தோழி, அண்ணன், நாய்க்குட்டி எல்லாம் மாறுகின்றன, அந்த முதல் வரி மாறவே இல்லை. "நீங்க கேக்குறதே இல்லையேம்மா. குடும்ப ஜெபத்துல எல்லாருக்காகவும் கேக்குறீங்க, உங்க கைக்கு மட்டும் கேக்குறதில்ல. ஏன்?" என்றாள்.

சுகத்துக்காகக் கேட்பதை விட்டுவிட்டேன், அதில் ஒரு சமாதானம் இருக்கிறது என்று இங்கே எழுதினேன். உங்களையும் அப்படிச் செய்யச் சொன்னேன். ஏழு வருஷமாக அதை ஒப்புக்கொடுத்தல் என்று சொல்லிக்கொண்டு இருக்கிறேன். சில நாள் அது உண்மையாகவே ஒப்புக்கொடுத்தல்தான், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பல நாள் அது பயம். மருந்தை விட்ட அந்த ஐந்து மாதத்தில் நான் கேட்ட மாதிரி என் ஆயுளில் கேட்டதில்லை. கேட்டுக் கேட்டு விரல் கோணியதைப் பார்த்தேன். இன்னொரு தரம் அப்படிக் கேட்டு, இன்னொரு தரம் பதில் வராமல் போனால் எனக்குத் தாங்காது என்று அந்தக் கதவைச் சாத்திவிட்டேன். சாத்திவிட்டு அமைதியாக இருக்கிறது என்றேன்.

பெதஸ்தா மனுஷன் ஏன் என்னை அப்படிப் படுத்தினான் என்று இப்போது புரிகிறது. வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. எனக்கும் ஏழு வருஷமாக வரவில்லை.

அன்றன்றைக்கு வேண்டியதைக் கேளுங்கள் என்று சொன்னதை நான் திரும்ப எடுக்கவில்லை. அது என்னைக் காப்பாற்றியது. சுகத்தைக் கேட்காதீர்கள் என்கிற மாதிரி சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டே கேளுங்கள். ஒரு கையில் அத்திப்பழத்து அடை, இன்னொரு கையில் ஜெபம் என்று எசேக்கியா இருந்த மாதிரி. கேட்க முடியாத நாளில் உங்களுக்காக வீட்டில் யாரோ ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம்.

விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று, மாற்கு 9-இல் மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னானே. எனக்கு அந்த முழு வாக்கியமும் வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 6

உயிர்த்தெழுதல் ஆராதனைக்கு விடியற்காலையில் போக முடியவில்லை. ஒன்பது மணி ஆராதனைக்குப் போனோம். எல்லோரும் முழங்காலில் நின்றபோது நான் நாற்காலியில் இருந்தேன், மகள் என் பக்கத்தில் தரையில்.

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருக்கிறார். நடுவில் நிறுத்தியிருந்த மாத்திரையைப் பிப்ரவரியிலேயே மருத்துவரிடம் சொல்லித் திரும்பத் தொடங்கிவிட்டார். எட்டாவது வாரம் நடக்கிறதாம், காலையில் விரல் ஆறரைக்கே மடங்குகிறதாம். அந்த ஜெபக் குழு அம்மா வியாழக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாராம். மாத்திரையைப் பற்றி இன்னும் அதே கருத்துதான், ஆனால் தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பார் என்று எழுதியிருக்கிறார். இரண்டு தரம் வாசித்தேன் அந்த வரியை.

ஏப்ரல் 9

இன்று வியாழன், மாத்திரை நாள். நேற்று ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு கேட்டேன். நீளமாக எதுவும் இல்லை. இந்தக் கைகளைச் சுகமாக்கும் என்று ஒரே வரி. சொல்லி முடித்ததும் நெஞ்சு படபடவென்று அடித்தது, படியேறி வந்த மாதிரி.

காலையில் விறைப்பு வழக்கம்போல ஒரு மணி நேரம் இருந்தது. மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "கேட்டீங்களாம்மா?" என்றாள். கேட்டேன் என்றேன். "சரி, நானும் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, என் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.